ராகு காலத்தைப் பராமரித்தவர்

யேசுரத்தினத்துக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. எமகண்டத்திலும் கிடையாது. அட்டமி, நவமி, கரிநாள் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஆனால் ஆறு வருடங்களாக, உலகத்துத் தமிழர்களில் ஒரு பகுதியினருக்கு ராகு காலம் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். ஞாயிறு பூசையில் முன்வரிசையில் முழந்தாளிட்டிருக்கும் மனிதர், வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சுவிட்சர்லாந்தில் ஒரு கோயில்காரர் பிரதோஷம் ஒரு நாள் தள்ளி வருவதாக எழுதியிருந்த முறைப்பாட்டை வாசிப்பார்.

"ஊருக்கெல்லாம் நல்ல நேரம் பாக்குறீங்க. இந்த வீட்டுக் கூரை ஒழுகுறதுக்கு ஒரு நேரம் பாருங்களேன்" என்பார் மனைவி பவுலினா.

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பதுளைக்கு வந்து படித்து, ஒரு தேவாலயத்தின் பின்கட்டில் நடந்த கணினி வகுப்புக்கு ஆசிரியரானவர் யேசுரத்தினம். ஊரில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். வகுப்பில் இருந்த கணினிகள் எல்லாம் வெளிநாட்டுப் பங்கு மக்கள் தூக்கிப்போட மனமில்லாமல் கப்பலில் அனுப்பியவை. காசு கொடுத்து மென்பொருள் வாங்க வழியில்லாததால், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய, உள்ளே திறந்து பார்த்துத் திருத்தவும் கூடிய மென்பொருள்களையே அவர் பயன்படுத்தினார். அப்படி வந்து சேர்ந்ததுதான் 'நாழிகை' என்ற பஞ்சாங்கப் புரோகிராம்.

அதை எழுதியவர் ரொறன்ரோவில் இருந்த மதுசூதனன். பத்து நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் ஒரு மடலாடற் குழுவாகச் சேர்ந்து அதை வளர்த்தார்கள். வளர்த்தார்கள் என்றால், அதைப் பற்றிப் பேசினார்கள். யாருக்கும் சொந்தமில்லாத பொருள் என்பதால் எல்லாருக்கும் அதில் ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதன் சின்னத்தின் நிறம் மஞ்சளா காவியா என்று மூன்று மாதம் சண்டை நடந்தது. சதுர்த்தி பிழையாக வருகிறது என்று ஒருவர் எழுதியபோது மட்டும் குழு தியானத்தில் ஆழ்ந்தது.

பஸ் நிலையத்துக்கு அருகில் ஜுனைதீனின் கொமியூனிகேஷன் கடை இருந்தது. டெலிபோன், போட்டோக்கொப்பி, ஒரே ஒரு கணினி. அந்தக் கணினியில் வாரத்துக்கு ஒரு வைரஸ் குடியேறியதால் யேசுரத்தினம் அதையும் இலவச மென்பொருளுக்கு மாற்றிக்கொடுத்தார். கூடவே 'நாழிகை'யும் வந்தது. சம்பளத்துக்குப் பிறகு வரும் சனி ஞாயிறுகளில் தோட்டத்துச் சனம் கடையில் நின்று நல்ல நேரம் விசாரிப்பதைக் கண்ட ஜுனைதீன், அதைத் துண்டுக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கத் தொடங்கினார். தொப்பி போட்ட மனிதர் சந்திராட்டமத் துண்டு நீட்டுவதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மலையில் அதைவிட வினோதமானவை நடந்துகொண்டிருந்தன.

முதலில் முறைப்பாடு கொண்டுவந்தவர் கனகரத்தினம். யாழ்ப்பாணத்தவர், பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்று, குளிருக்குப் பழகிப்போனதால் இங்கேயே தங்கிவிட்டவர். துண்டைக் கடைப் பலகையில் வைத்து விரலால் தட்டினார்.

"இது பிழை. எல்லாம் அரை மணித்தியாலம் முந்திக் கிடக்கு."

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அடைக்கலம் கங்காணி தன் துண்டைத் தூக்கிப் பார்த்தார். யேசுரத்தினம் பிறந்த அதே மடுல்சீமைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கி வயதானவர்.

"எனக்குச் சரியாத்தானேங்க இருக்கு" என்றார்.

இரண்டு பேருமே சரி. தொண்ணூற்றாறில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் நாட்டுக் கடிகாரங்களை முன்னே தள்ளியது. பிறகு கொஞ்சம் பின்னே இழுத்து, அரை மணியில் நிறுத்தியது. பட்டணம் ஏற்றுக்கொண்டது. அடைக்கலம் கங்காணியின் தோட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை. காலைப் பெரட்டில் பெயர் பதிய ஆட்களைக் கூப்பிடும் சங்கு மட்டும் தொரையின் பட்டண நேரத்துக்கு ஊதியது. கோயில் பூசையும் கலியாணமும் காதுகுத்தும் பழைய நேரத்தில் நடந்தன. பட்டணத்திலிருந்து எந்த நேரம் வந்தாலும் அதில் அரை மணி கழித்துக்கொள்வது அங்கே பல் விளக்குவதுபோல ஆகிவிட்டது. மதுசூதனன் புரோகிராமை எழுதியதோ இந்திய நேரத்துக்கு; அதுவும் இந்தப் பழைய நேரமும் ஒன்றுதான்.

இந்த விவரத்தை யேசுரத்தினம் குழுவுக்கு எழுதினார். "உண்மைதான். நீங்களே திருத்த முடியுமா?" என்று மதுசூதனன் கேட்டார். திருத்தினார். இரண்டு வாரத்தில் இன்னொரு கடிதம் வந்தது: இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது, இனி நேரமில்லை, பராமரிப்பை யாராவது பொறுப்பெடுங்கள். குழு மறுபடி தியானத்தில் ஆழ்ந்தது. யேசுரத்தினம் கை தூக்கவில்லை. ஆனால் கடைசியாக எதையோ திருத்தியவர் அவர் என்பதால் கடவுச்சொல் அவர் பெயருக்கு வந்து சேர்ந்தது.

அதன் பிறகுதான் பராமரிப்பு என்றால் என்னவென்று அவருக்கு விளங்கியது. புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. இருக்கிறது கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சரியாக இருக்கும் வரை ஒருவரும் எழுதமாட்டார்கள். மலேசியாவில் ஒரு பெண்மணி, தன் மகனின் நேர்முகப் பரீட்சை நாளில் அட்டமி வருகிறதே, மாற்ற முடியாதா என்று கேட்டார். "அதை நான் போடலீங்க, சந்திரன் போடுது" என்று பணிவாகப் பதில் எழுதினார். பங்குத் தந்தையின் காதுக்கும் விஷயம் போனது.

"என்ன மாஸ்டர், சாத்திரம் பாக்குறீங்களாமே?"

"இல்ல ஃபாதர். நான் பாக்குறது அதுல உள்ள பிழைய."

"பிழை பாக்கணும்னா பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்க. நெறைய இருக்கு."

இந்தச் சமயத்தில் பாரிஸிலிருந்து ஆரூரன் வந்து சேர்ந்தான். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு கணினி படித்த பையன். மற்றவர்கள் அபிப்பிராயம் அனுப்பும் இடத்தில் அவன் திருத்தம் அனுப்பினான். வாரத்துக்கு நான்கு அனுப்பினான். "அண்ணை, கடவுச்சொல்லைத் தாங்கோ. உங்களுக்கு ஏன் கரைச்சல், நானே சேர்க்கிறன்" என்றும் எழுதினான். யேசுரத்தினத்துக்கு ஆசையாகத்தான் இருந்தது. கூரையும் ஒழுகிக்கொண்டிருந்தது. ஈஸ்டர் கழியட்டும், கொடுத்துவிடலாம் என்று நினைத்தார்.

இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் மூன்று விஷயங்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழுந்தன. பெரிய வெள்ளிக்கிழமையும் தமிழ்ப் புத்தாண்டும் ஒரே நாளில் வந்தன. அன்று நள்ளிரவில் நாட்டுக் கடிகாரங்களை அரை மணி பின்னே வைக்கச் சொல்லி அரசாங்கம் அறிவித்தது; பத்து வருடத்துக்குப் பிறகு பழைய நேரம் திரும்புகிறது. மாதக் கடைசியில் கனகரத்தினத்தின் மகள் சிவரூபிக்குக் கலியாணம்.

அந்தக் கலியாணத்தின் கதை ஊருக்கே தெரியும். லுணுகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பித்த சிவரூபி, அங்கேயே கணிதம் படிப்பித்த யோகராஜைக் கட்டுவேன் என்று நின்றாள். யோகராஜ் அடைக்கலம் கங்காணியின் மகன். தோட்டத்துச் சம்பந்தமா என்று கனகரத்தினம் இரண்டு வருடம் மறுத்தார். மூன்றாம் வருடம், மறுக்கக் காரணங்கள் தீர்ந்துபோய், "நேரமாவது சரியாய் அமையோணும். அதில பிசகு வந்தால் ஆவணிக்குத் தள்ளிவைப்பன்" என்றார். ஆவணி என்பது அவர் அகராதியில் ஒருபோதும் இல்லை என்பதற்கான சொல். பங்குனியிலேயே ஜுனைதீனிடம் நேரம் எடுத்து, காலை பத்து மணி என்று கார்ட் அடித்தார்.

பெரிய வியாழன் அன்று ஆரூரனின் கடிதம் வந்தது. "அண்ணை, இலங்கை நேரம் மாறுது. அரை மணித்தியாலத்தைக் கழிச்சு ஒரு திருத்தம் இணைச்சிருக்கிறன். நாலு வரிதான். கண்ணை மூடிக்கொண்டு சேருங்கோ."

அடுத்த நாள் தேவாலயத்தில் முந்நூறு பேருக்குக் கஞ்சி. அந்தப் பொறுப்பும் யேசுரத்தினத்தினுடையதுதான். பவுலினா வாசலில் நின்று, "தேங்கா நாப்பது போதுமா, அம்பது சொல்லவா?" என்று கேட்டார். யேசுரத்தினம் ஆரூரனுக்கும் தேங்காய்க்கும் சேர்த்து ஒரே "சரி" சொன்னார். கண்ணை மூடினாரா என்று தெரியாது, திறந்து பார்க்கவில்லை. திருத்தம் சேர்ந்தது, உலகத்துக்குப் போனது. கஞ்சி நன்றாக வந்ததாகப் பேச்சு.

கலியாணம் புதன்கிழமை. திங்கள் பின்னேரம் கனகரத்தினம் வகுப்புக்கே வந்தார். கையில் புதிய துண்டு. முகத்தில் ஒரு திருப்தி.

"உம்மட புரோகிராம் இப்ப ஒன்பது மணி எண்டு சொல்லுது. ஐயருக்குச் சொல்லியாச்சு, மேளக்காரருக்குச் சொல்லியாச்சு, மடுல்சீமைக்கும் சொல்லி அனுப்பியாச்சு."

"கார்டுல பத்துன்னு இருந்திச்சே?"

"அரை மணித்தியாலம் அரசாங்கம் கழிச்சது. மற்ற அரை மணித்தியாலம், நான் பங்குனியில எடுத்தது பிழை போல. உம்மட மெஷின் திருத்தியிருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் மனிசரை நம்பிறதில்லை காணும். இதை நம்பலாம்."

அவர் போனபின் யேசுரத்தினம் 'நாழிகை'யைத் திறந்து நான்கு வரியையும் வாசித்தார். வாசிக்க நான்கு வரிக்குரிய நேரம்தான் எடுத்தது. நாட்டு நேரம் மாறினால் கணினியே அதைத் தன் அட்டவணையில் புதுப்பித்துக்கொள்ளும். ஜுனைதீன் பொறுப்பானவராகையால் கடைக் கணினியைப் புதுப்பித்தும்விட்டார். அது ஓர் அரை மணியைக் கழித்தது. ஆரூரனின் திருத்தம் அதற்கு மேல் இன்னோர் அரை மணியைக் கழித்தது. சரியான நேரம் ஒன்பதரை. ஒன்பது மணிக்கோ எமகண்டம் இன்னும் படியிறங்கி முடிந்திருக்காது. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வீட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நீங்கதான் அதையெல்லாம் நம்பலையே. அப்புறம் என்ன?" என்றார் பவுலினா.

"நான் நம்பலைங்கிறது எனக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம். அந்த மனுசன் என்னையத்தானே நம்புறாரு."

"அப்ப போய்ச் சொல்லுங்க."

"சொன்னா ஆவணிம்பாரு."

பவுலினா யோசித்துவிட்டு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

செவ்வாய் காலை யேசுரத்தினம் நேராக ஜுனைதீன் கடைக்குப் போனார். ஆரூரனின் திருத்தத்தை எடுத்தெறிந்தார். கடைக் கணினியில் ஓட்டினார், வகுப்பிலிருந்து இன்னொன்றைத் தூக்கிவந்து அதில் ஓட்டினார், நேரம் மாறுமுன் ஒரு நாளுக்கும் மாறியபின் ஒரு நாளுக்கும் ஓட்டினார். ஜுனைதீன் கூடவே நின்று, ஒவ்வொரு தடவையும் சரியான நேரம் வந்ததும் வாடிக்கையாளர் முன்னால் தலையாட்டினார். சரியான பதிப்பு வெளியே போனது. குழுவுக்கும் எழுதினார்: இலங்கை நேரம் பிழையாகப் போய்விட்டது, உடனே புதியதை எடுங்கள், வந்த திருத்தத்தைப் பார்க்காமல் சேர்த்தவன் நான். ஆரூரனின் பெயரை அதில் போடவில்லை.

கடிதம் போன கையோடு சிவரூபி கடை வாசலில் நின்றாள். ஜுனைதீனின் வாய் அவள் வரைக்கும் போயிருந்தது.

"மாஸ்டர், அப்பாட்டச் சொல்லாதேங்கோ."

"ஒன்பது மணிக்கு எமகண்டம், மகள்."

"எமகண்டத்தில கட்டினா எனக்கு ஒண்டும் இல்லை. ஆவணிக்குத் தள்ளினாத்தான் எமகண்டம். அவர் ஒரு சாட்டுக்கு எவ்வளவு நாளாக் காத்திருக்கிறார் எண்டு உங்களுக்குத் தெரியாது."

"தெரியும். ஆனா நாளைக்கு ஒரு நாள் அவருக்கே தெரிஞ்சா? கல்யாணமாகி ஒரு காய்ச்சல் வந்தாலும் இந்த நேரத்ததான் சொல்லுவாரு. யோகராஜத்தான் திட்டுவாரு."

ஜுனைதீன் அவளுக்கு ஒரு பிளேன்டீ வரவழைத்தார். அவரால் செய்ய முடிந்தது அதுதான்.

கனகரத்தினத்தின் வீட்டில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். யேசுரத்தினம் கதிரையில் உட்காரவில்லை. ஜுனைதீன் ஆதரவுக்காக வந்தவர், ஆதரவாக நன்கு பின்னால் நின்றார்.

"சேர், அந்த ஒன்பது மணி பிழைங்க. ஒன்பதரைதான் சரி. ஏன் பிழைச்சிச்சுன்னா..."

"உம்மட மெஷின் பிழை விட்டதோ?"

"மெஷின் இல்லீங்க. நான். இன்னொருத்தர் அனுப்புன திருத்தத்தப் பாக்காமச் சேத்துட்டேன். பாக்கிறதுதான் என் வேல."

கனகரத்தினம் கையில் இருந்த மாவிலைத் தோரணத்தைக் கீழே வைத்தார். உள்ளே சிவரூபி மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது வெளியே கேட்டது. ஆவணி என்ற சொல் அவர் உதட்டு வரைக்கும் வந்ததை யேசுரத்தினம் கண்ணால் கண்டார். ஆனால் வந்த கேள்வி வேறு.

"நீர் என்ன சொன்னனீர்? திரும்பச் சொல்லும்."

"என் பிழைங்க."

"முப்பத்தைஞ்சு வருஷம் கச்சேரியில இருந்தனான். மேலுக்கு இருக்கிறவன் கீழுக்கு இருக்கிறவனைச் சொல்லுவான். கீழுக்கு இருக்கிறவன் பைலைக் காணேல்லை எண்டுவான். இந்த வசனத்தை நான் ஒரு நாளும் கேக்கேல்லை." தோரணத்தை மறுபடி கையில் எடுத்தார். "உமக்கு இதுக்கு எவ்வளவு தருகினம்?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்டும் இல்லையோ? பிறகேன் வந்து சொல்லுறீர்?"

"அது நான் பாத்துக்கிறதுங்க."

கனகரத்தினம் உள்ளே போனார். எல்லாரும் காத்திருந்தார்கள். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்தார்.

"எழுதித் தாரும்."

"என்னங்க?"

"முகூர்த்தம் ஒன்பதரை எண்டு. முந்திச் சொன்னது பிழை எண்டு. கீழ கையொப்பம். ஆர் பொறுப்பு எண்டு தெரியவேணும். கடவுளிட்டக் கேட்டா அவர் எழுதித் தாறதில்லை."

யேசுரத்தினம் எழுதினார். கனகரத்தினம் வாசித்து, 'மேற்படி' என்ற சொல் ஓரிடத்தில் விடுபட்டிருப்பதைக் காட்டி, சேர்க்கவைத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன்பின் அவர் முகம் ஓய்வு பெற்ற நாளிலிருந்து காணாத அமைதிக்கு வந்தது. ஒரு பொருளுக்குப் பொறுப்பான ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு விலாசமும் இருக்கிறது. இனி ஆவணி எதற்கு?

"மடுல்சீமைக்கு ஆர் சொல்லுறது? அங்க போன் எடுபடாது."

"நானே போறேங்க" என்றார் யேசுரத்தினம். ஜுனைதீன் பெருமூச்சு விட்டார். மோட்டார் சைக்கிள் அவருடையது.

பாதை இருக்கும் இடங்களில் பாதையிலும் இல்லாத இடங்களில் கல்லிலும் ஏறி, மலைமுகட்டில் மழையும் வாங்கி, பின்னேரம் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அடைக்கலம் கங்காணி புது வேட்டியை மடிப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கங்காணி, நேரம் ஒன்பது இல்ல. ஒன்பதரை."

"சரிங்க மாஸ்டர். அப்ப நம்ம நேரத்துக்கு ஒன்பது."

"இல்ல. கழிக்காதீங்க. ஒன்பதரைன்னா ஒன்பதரைதான்."

"அதெப்படிங்க? பத்து வருசமா கழிக்கிறோம்."

"இப்ப கவர்மென்டே கழிச்சிருச்சு. உங்க நேரமும் டவுன் நேரமும் ஒண்ணாயிருச்சு."

கங்காணி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சந்தேகத்தோடு பார்த்தார். "கவர்மென்டு எப்பங்க நம்ம பக்கம் வந்திருக்கு?"

"பஞ்சாங்கமும் அதைத்தானே சொல்லுது" என்றார் ஜுனைதீன்.

"நீங்க பாய். அவரு வேதக்காரரு. நீங்க ரெண்டு பேரும் வந்து எனக்கு முகூர்த்தம் சொல்றீங்க. சரி, ஒரு வார்த்தைக்குக் கழிக்கலன்னே வச்சுக்கங்க. எங்க அக்கா வீட்டுக்காரரு கழிப்பாரே? வேன்காரன் கழிப்பானே?"

யோகராஜ் கணித ஆசிரியர். இரண்டு நேரங்களையும் சுவரில் கரியால் எழுதி விளக்கப் பார்த்தான். லயத்தில் ஒவ்வொருவராகக் கூடினார்கள். கால் மணியில், எட்டு மணிக்கே கலியாணம் என்று ஒரு கட்சியும் நாளைக்குக் கலியாணமே இல்லை என்று இன்னொரு கட்சியும் உருவாகின. தாலியைப் பதினொரு மணிக்குக் கட்டலாம் என்றார் ஒரு பெரியவர். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

யேசுரத்தினம் கையைத் தட்டினார். இந்த லயத்தில் பிறந்தவர்தானே.

"கடிகாரத்த எல்லாரும் விடுங்க. காலையில பெரட்டுக்குச் சங்கு ஊதுமில்ல?"

"ஊதும்."

"அதுல யாராச்சும் கழிப்பீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். சங்கில் கழித்தால் அரைப் பேர் விழும், அரை நாள் கூலி போகும். அதைக் கழிக்கத் தோட்டத்தில் ஆள் இல்லை.

"சங்கு ஊதுனதும் வேன்ல ஏறுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

திரும்பும் வழியில் தோட்டத்துத் தொழிற்சாலைக்குப் போய், சங்கு புதிய நேரத்துக்குத்தான் ஊதுகிறதா என்று காவல்காரரிடம் விசாரித்துக்கொண்டார். ஒரு தடவை பார்க்காமல் விட்டது போதும்.

புதன்கிழமை வேன்கள் எட்டரைக்கே பதுளைக்கு வந்துவிட்டன. கனகரத்தினம் வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மடுல்சீமைக்காரர் நேரத்துக்கு வந்ததை வாழ்க்கையில் முதல்தடவையாகக் கண்ட முகத்தோடு, "வாங்கோ சம்பந்தி" என்றார். அந்தச் சொல்லை அவர் அதற்கு முன் சொன்னதில்லை.

ஒன்பது மணிக்கே எல்லாம் ஆயத்தமாகிவிட்டது. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது ஒன்பது பத்து என்றது. மேளக்காரருடையது ஒன்பது நாற்பது. அவர் இன்னும் மாற்றவில்லை. மண்டபச் சுவர்க் கடிகாரம் புத்தாண்டுக்கு முதலே நின்றுபோயிருந்தது. ஐயர் கனகரத்தினத்தைப் பார்த்தார். கனகரத்தினம் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்து, அதில் கையொப்பமிட்டவரைத் தேடினார். யேசுரத்தினம் பின்வரிசையில் ஒரு வடையோடு உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், இங்க வாரும்."

"நானாங்க?"

"நீர்தான் எழுதித் தந்தனீர். நீர் சொல்லும், மேளம் அடிக்கட்டும்."

கழுத்தில் சிலுவைச் சங்கிலியோடு மணவறைக்குப் பக்கத்தில் போய் நின்றார் யேசுரத்தினம். காலையில்தான் வானொலியைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிபார்த்திருந்தார். மண்டபம் முழுவதும் அவர் மணிக்கட்டைப் பார்த்தது. சிவரூபி தலை நிமிராமல் ஓரக்கண்ணால் பார்த்தாள். அடைக்கலம் கங்காணி வாய்க்குள் எதையோ கழித்துக்கொண்டிருந்தார். நேரம் வந்தது. யேசுரத்தினம் தலையை அசைத்தார். கெட்டிமேளம் முழங்கியது. யோகராஜ் முடிச்சைப் போட்டு முடிக்கும்வரை யேசுரத்தினம் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை என்று பவுலினா பிறகு எல்லாரிடமும் சொன்னார்.

அன்று மாலை ஆரூரனிடமிருந்து கடிதம் வந்திருந்தது. "அண்ணை, அது என்ரை பிழை. ஏன் என்ரை பெயரைச் சொல்லேல்லை? இனி நான் அனுப்பமாட்டன்." யேசுரத்தினம் பதில் எழுதினார்: அனுப்புங்கள். அனுப்புகிறவர் இல்லாமல் இது நகராது. ஆனால் இனி நீங்கள் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நான் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சேர்க்கிறேன். ஜுனைதீன் கடையில் ஓடினால்தான் வெளியே விடுவோம். கடவுச்சொல்லை அப்போது கொடுக்கவில்லை. அடுத்த வருடம், ஆரூரன் தன் திருத்தம் ஒன்றைத் தானே பிழை கண்டு திருப்பியெடுத்துக்கொண்ட நாளில், கேளாமலே கொடுத்தார். கூரை அதற்கும் பிறகுதான் திருத்தப்பட்டது.

இரண்டாயிரத்து ஒன்பது ஐப்பசியில், வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றபோது யேசுரத்தினத்துக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரி வரைக்கும் போகவில்லை. ஐம்பத்திரண்டு வயது.

அடக்கம் செவ்வாய்க்கிழமை. பங்குத் தந்தை மூன்று மணி என்றார். கனகரத்தினம் கைத்தடியோடு அவரைத் தேடிப் போனார்.

"மூண்டு மணிக்கு ராகு காலம் துவங்குது, ஃபாதர். இரண்டரைக்கு எடுக்கேலாதோ?"

"அவருக்கு அதுல நம்பிக்கை இல்லீங்களே."

"தெரியும். எனக்கு இருக்குது."

ஃபாதர் பவுலினாவைப் பார்த்தார். பவுலினா அழுகைக்கு நடுவில் முதல்தடவையாகச் சிரித்து, சரி என்று தலையாட்டினார். இரண்டரை என்று முடிவானது. மடுல்சீமைக்காரர் இரண்டு மணிக்கே வந்து நின்றார்கள். அடைக்கலம் கங்காணி கழித்திருந்தார்.

மண் போட்டுவிட்டு எல்லாரும் சரிவில் இறங்கும்போது, கனகரத்தினம் ஜுனைதீனின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி வழியில் நின்றார்.

"இனி அதை ஆர் பாக்கிறது?"

"பாரிஸ் தம்பி பாக்கிறாரு, சேர். அவரு பாத்தத நான் கடையில ஓட்டிப் பாக்கிறேன். மாஸ்டர் அப்படித்தான் சொல்லி வச்சிருந்தாரு."

கனகரத்தினம் மூக்கை உறிஞ்சினார். கைக்குட்டையைத் தேடிச் சட்டைப் பையில் கையைவிட்டார். கைக்குட்டை வரவில்லை, பேனா வந்தது. அதை ஜுனைதீனிடம் நீட்டினார்.

"அப்ப எழுதித் தாரும்" என்றார்.